கார் நுழையாத மலைப்பாதையில் சைக்கிள் சவாரி

மண்ணெண்ணெய் விற்றும் பெட்ரோல் விற்றும் உலகத்திலேயே பெரிய பணக்காரர் என்று பெயர் எடுத்தவர் அமெரிக்காவின் ஜான் டி. ராக்ஃபெல்லர். அப்பாவின் பெயரையே வைத்துக்கொண்ட அவருடைய ஒரே மகன் ராக்ஃபெல்லர் ஜூனியர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு தீவில் மலைகளைச் சுற்றிச் சுற்றி 57 மைல் நீளத்துக்குத் தன் கைப்பணத்தில் சாலை போட்டார். போட்டுவிட்டு, அந்தச் சாலையில் மோட்டார் வண்டி எதுவுமே நுழையக் கூடாது என்று ஏற்பாடும் செய்துவிட்டார்! பெட்ரோல் வீட்டுப் பிள்ளை பெட்ரோல் வண்டிக்குப் போட்ட தடை!

அந்தத் தடை இன்றைக்கும் இருக்கிறது. அதனால்தான், கல்யாணமான நாளிலிருந்து சைக்கிளைத் தொட்டே பார்க்காத நான், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, அங்கே இரண்டு நாள் நிம்மதியாகச் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்தேன்.

நம் வாசகியரில் எத்தனையோ பேர் மகளின் பிரசவத்துக்கென்றும், பேரனைப் பார்த்துக்கொள்ளவென்றும் அமெரிக்கா போய் வருகிறீர்கள். திரும்பி வந்ததும் நீங்கள் சொல்கிற முதல் குறை எனக்குத் தெரியும். "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் காரில்லாமல் நாலடி நகர முடியவில்லை. மாப்பிள்ளை ஆபீஸ் போய்விட்டால் வீட்டுக்குள்ளேயே கைதிதான்." உண்மைதானே? சில ஊர்களில் நடைபாதைகூடக் கிடையாது. கார் ஓட்டத் தெரியாதவள் அந்த ஊரில் குழந்தை மாதிரி. யாராவது கூட்டிக்கொண்டு போனால்தான் உண்டு. இந்தத் தீவைப் பற்றி எழுத நினைத்ததற்கு அதுதான் காரணம். அங்கே கார் ஓட்டத் தெரியாதவளும், எட்டு வயதுப் பையனும், ஒரே மாதிரி சுதந்திரமாகச் சுற்றலாம்.

எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனடாவை ஒட்டி மேய்ன் என்றொரு மாநிலம். அதன் அட்லாண்டிக் கடலோரத்தில் மவுன்ட் டெஸர்ட் என்ற தீவு. தீவு என்றதும் படகு ஏற வேண்டுமோ என்று நினைக்காதீர்கள், பாலம் இருக்கிறது. தீவு முழுக்க வழுவழுவென்று கிரானைட் மலைகள். மிக உயரமானது கேடிலாக் மலை, 1,530 அடி. நம் கொடைக்கானல், ஊட்டி உயரத்துக்கு இதெல்லாம் எம்மாத்திரம்! ஆனால் கடல் மட்டத்திலிருந்து நேராக எழும்பி நிற்பதால் கம்பீரமாகத் தெரிகிறது. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் இதைவிட உயர்ந்த மலை இல்லையாம்.

மலைகளுக்கு நடுவே நீள நீளமாக ஏரிகள். இந்தத் தீவில் ஒரு பெரிய பகுதி அகேடியா தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. 1916-இல் தேசிய நினைவிடமாக அறிவித்து, 1919-இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அகேடியா என்ற பெயர் 1929-இல்தான் வந்தது. இதற்காக நிலம் சேர்க்க அலைந்தவர் ஜார்ஜ் டார் என்பவர். ராக்ஃபெல்லர் ஜூனியரும் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் கொடுத்திருக்கிறார்.

என் தங்கை பாஸ்டன் பக்கம் இருக்கிறாள். 2023 ஆகஸ்ட் கடைசியில், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பு, எல்லோருமாகக் கிளம்பினோம். காரில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தங்கை மகனுக்கு எட்டு வயது. சைக்கிள் என்றால் உயிர். ஆனால் அவர்கள் குடியிருக்கும் தெருவில் கார்கள் சர்சர்ரென்று போவதால், வீட்டு முற்றத்தில் பத்தடி முன்னும் பத்தடி பின்னுமாகத்தான் அவன் சவாரி. சின்னவளுக்கு மூன்று வயது.

"அக்கா, நீயும் ஓட்டணும். அங்கே காரே வராது, பயப்படவே வேண்டாம்" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள் தங்கை. பள்ளிக்கூடம் படிக்கும்போது தினமும் நாலு மைல் போய் வந்தவள்தான் நான். விட்டுப்போன பழக்கம். ஆனாலும் சைக்கிள் நீச்சல் மாதிரி அல்லவா? ஏறி உட்கார்ந்தால் கால் தானாக ஞாபகப்படுத்திக்கொண்டு விடுகிறது.

சாரட்டுக்குப் போட்ட சாலை

இந்தப் பாதைகள் சைக்கிளுக்காகப் போட்டவை அல்ல. குதிரை பூட்டிய சாரட்டு வண்டிக்காகப் போட்டவை. அந்தக் காலத்தில் நியூயார்க், பாஸ்டன், பிலடெல்ஃபியா பணக்காரர்களெல்லாம் கோடைக்கு இந்தத் தீவில் வந்து தங்குவார்கள். கார் என்ற பொருள் வந்தபோது இந்தத் தீவுக்குள் அதை விடவே மாட்டோம் என்று தடை போட்டு வைத்திருந்தார்கள். ஆனால் ஊர்க்காரர்களுக்குக் கார் தேவைப்பட்டது. 1913 முதல் 1915-க்குள் தடை போயிற்று. ராக்ஃபெல்லர் ஜூனியருக்குக் குதிரை வண்டி ஓட்டுவதென்றால் கொள்ளை ஆசை. தடை போகப்போகிறது என்று தெரிந்ததும், தனக்கென்று ஒரு பாதை போட ஆரம்பித்தார். 1913-இல் தொடங்கிய வேலை 1940 வரை நடந்தது. அதில் 45 மைல், அதாவது சுமார் 72 கிலோமீட்டர், இப்போது பூங்காவுக்குள் இருக்கிறது. அதுதான் சைக்கிளுக்கு அனுமதி உள்ள பகுதி.

அவர் கார்களின் விரோதி என்றும் நினைத்துவிடாதீர்கள். அதே பூங்காவில் 27 மைல் நீளமுள்ள மோட்டார் சாலை அமையவும் அவர்தான் பெரிதும் உதவியிருக்கிறார். காருக்கு ஒரு வழி, குதிரைக்கு ஒரு வழி என்று பிரித்துக் கொடுத்தார், அவ்வளவுதான். இரண்டும் சந்திக்கும் பல இடங்களில் கல் பாலம் கட்டி, ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் விட்டிருக்கிறார். ஈகிள் ஏரிக்குப் பக்கத்தில் கார் போகும் பெருஞ்சாலைக்கு அடியில், ஓர் அழகான வளைவுக்குள் புகுந்து நாங்கள் சைக்கிளில் அந்தப்புறம் போனோம். தலைக்கு மேலே கார்கள் போவது தெரியவே இல்லை.

பணக்காரரின் சொந்த ஆசைதானே என்று கேட்டால், ஆமாம். அந்தக் காலத்திலேயே ஆட்சேபணையும் கிளம்பியிருக்கிறது. காட்டை வெட்டிச் சாலை போட்டால் காடு என்னத்துக்கு ஆகும் என்று 1924-இல் ஜார்ஜ் வார்ட்டன் பெப்பர் என்ற செனட்டர் எதிர்ப்புத் தெரிவித்தாராம். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் இந்தச் சாலைகள் வராமலிருந்தால், அந்தக் காட்டுக்குள் போக என்னைப் போன்றவளுக்கு வேறு வழி ஏது? பாறை ஏறுகிறவர்களுக்குத்தான் அது சொந்தமாகியிருக்கும்.

சாலை போட்ட விதத்தைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் தார் வருவதற்கு முன்னால் கப்பி ரோடு இருந்ததல்லவா, அதே ஜாதிதான். அடியில் பெருங்கல், அதன் மேல் ஜல்லி, அதற்கும் மேல் பொடிக்கல் என்று மூன்று அடுக்கு. பதினாறு அடி அகலம். நடுவில் லேசாக மேடு. மழைத் தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து ஓடைக்குப் போய்விடும். அதனால் சேறு கிடையாது. முந்தின நாள் மழை பெய்திருந்தும் எங்கள் டயர் அழுக்காகவில்லை. சரிவெல்லாம் குதிரைக்கு மூச்சு வாங்காத அளவில் நீளமாக, மெதுவாக ஏறுகிறது. குதிரைக்கு ஏற்ற சரிவு நாற்பது வயது முழங்காலுக்கும் ஏற்றதாக இருக்கிறது!

மொத்தம் பதினேழு கல் பாலங்கள். ஒன்றைப் போல ஒன்று இல்லை. தீவிலேயே வெட்டிய கிரானைட் கல்லில் கட்டியிருக்கிறார்கள். பள்ளமான இடங்களில் விளிம்பு நெடுக, கோணல்மாணலான பெரிய பெரிய கற்களை வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள். அதற்கு ஊரார் வைத்திருக்கும் பெயர் "ராக்ஃபெல்லரின் பல்"!

நம் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பெயரும் இந்தக் கதையில் இருக்கிறது. பியாட்ரிக்ஸ் ஃபாரண்ட் என்ற அம்மையார். அமெரிக்காவின் நிலத்தோட்டக் கலைஞர்கள் சங்கத்தை 1899-இல் தொடங்கியபோது அதில் இருந்த ஒரே பெண் இவர்தான். சாலை போடுவதற்காக வெட்டிப்போட்ட இடங்கள் புண்ணாகத் தெரியாமல் இருக்க, ஓரங்களில் எந்தச் செடியை எங்கே வைக்க வேண்டும் என்று ராக்ஃபெல்லருக்கு யோசனை சொன்னவர். வெளியூர்ப் பகட்டுச் செடிகளைக் கொண்டுவந்து நிரப்பாமல், அங்கேயே வளரும் மரஞ்செடிகளைக் கொண்டே மூடியிருக்கிறார். பெரணியும் அவுரிப்பழச் செடி என்கிறார்களே, அந்த ப்ளூபெர்ரியும் ஓரமெல்லாம் மண்டிக் கிடக்கின்றன. இதையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து யோசித்து நட்டார் என்று சொன்னால்தான் தெரியும். அத்தனை இயல்பாக இருக்கிறது.

எந்தப் பாதையில் போகலாம்?

முதல் நாள் ஈகிள் ஏரியைச் சுற்றினோம். ஆறு மைல், பத்துக் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கரையில் ஒரு நீண்ட ஏற்றம் இருக்கிறது. அங்கே மட்டும் நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். அதில் வெட்கம் என்ன? எனக்கு முன்னால் இரண்டு வெள்ளைக்காரப் பாட்டிகளும் தள்ளிக்கொண்டுதான் போனார்கள். ஏறி முடித்தால் ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் மரக்கிளைகளுக்கு நடுவே நீலமாகத் தண்ணீர். இந்த ஏரித் தண்ணீரைத்தான் பக்கத்து ஊர் பார் ஹார்பர் குடிக்கிறது. ஆகவே யாரும் இறங்கிக் குளிக்கக் கூடாது. காலைக்கூட நனைக்க விடவில்லையே என்று பையனுக்கு வருத்தம்.

ஆனால் அவனை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும்! "முன்னாடி போகாதே, ஓரமாப் போ, வண்டி வருது" என்ற மூன்று வாக்கியங்களையும் அன்று முழுக்க அவன் அம்மா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவன் பாட்டுக்கு நூறு கஜம் முன்னால் போவான், பாலம் வந்தால் நின்று கீழே எட்டிப் பார்ப்பான், திரும்பி வந்து "பெரியம்மா, அங்கே ஒரு தவளை" என்று சேதி சொல்வான், மறுபடி போவான். சின்னவள், அப்பாவின் சைக்கிளுக்குப் பின்னால் பூட்டிய இரு சக்கரக் குட்டி வண்டியில், வலை போட்ட ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டே தூங்கிப் போனாள். இந்தக் குட்டி வண்டி வாடகைக்குக் கிடைக்கிறது. கைக்குழந்தைக்கு இது சரிப்படாது. தலையும் கழுத்தும் நன்றாக நின்ற பிறகுதான், அதுவும் குழந்தை டாக்டரைக் கேட்டுக்கொண்டு, உட்கார வைக்க வேண்டும்.

நிஜமாகவே சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் விட்ச் ஹோல் குளத்தைச் சுற்றும் மூன்று மைல் வளையத்தில் ஆரம்பிக்கலாம். டக் புரூக் என்ற ஓடையின் மேலே மூன்று வளைவுள்ள பெரிய பாலம் இருக்கிறது. அங்கிருந்து நுழைந்தால் சுலபம். பார்வையாளர் நிலையத்திலிருந்து நுழைந்தால் எடுத்த எடுப்பிலேயே செங்குத்தான மேடு. ஆரம்பத்திலேயே மனசு விட்டுப்போகும். குளத்தில் பீவர் என்ற பிராணி, குச்சிகளை அடுக்கிக் கட்டிய வீடு தெரிகிறது. பீவரை நாங்கள் பார்க்கவில்லை. அது சாயங்காலம்தான் வெளியே வருமாம்.

இரண்டாம் நாள் ஜோர்டன் குளத்தின் மேற்குப் பக்கம் போனோம். பெயர்தான் குளம், ஆழம் 150 அடி! பாதை ஓரிடத்தில் மலைச்சரிவின் நடுவில் போகிறது. மேலேயிருந்து உருண்டு விழுந்த வீடு வீடான பாறைகள் இரண்டு பக்கமும் குவிந்து கிடக்க, நடுவே ஒழுங்காகச் சாலை. கீழே குளம் கண்ணாடி மாதிரி. எதிரே "குமிழிகள்" என்று பெயர் வைத்த இரட்டைக் குன்று. அந்த இடத்தில் எல்லோரும் சைக்கிளை நிறுத்தி, பேசாமல் நின்றோம். லூன் என்ற நீர்ப்பறவை ஒன்று கீழே எங்கோ கூவியது. கார் சத்தமே காதில் விழாமல் அரை மணி நேரம் கழிந்து எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

குளத்தின் தென்கோடியில் ஜோர்டன் பாண்ட் ஹவுஸ் என்ற உணவு விடுதி. 1890-களிலிருந்து புல்வெளியில் உட்கார வைத்து, டீயும் பாப்ஓவர் என்ற பண்டமும் கொடுத்து வருகிறார்கள். பழைய கட்டிடம் 1979-இல் எரிந்துபோய், 1982-இல் புதிதாகக் கட்டியது இப்போது இருப்பது. பாப்ஓவர் என்பது முட்டை, பால், மைதா கரைத்து அடுப்பில் வைத்துப் பொங்கவிட்டது. நம் பூரி உப்புகிற மாதிரி உள்ளே வெறும் காற்று! சூட்டோடு பிட்டு வெண்ணெயும் ஸ்ட்ராபெரி ஜாமும் தடவிக்கொள்ள வேண்டும். முட்டை சாப்பிடாதவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் டீயோடு நிறுத்திக்கொண்டோம். கையில்தான் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்ததே!

தங்கை கணவர் மட்டும் மூன்றாம் நாள் காலையில் தனியாக மலையைச் சுற்றும் பெரிய வளையம் போய் வந்தார். பதினொன்று, பன்னிரண்டு மைல் இருக்கும், ஏற்றம் அதிகம். அந்த வழியில் ஒரு பாலம், நாற்பது அடி உயரத்திலிருந்து விழும் அருவிக்கு நேர் எதிரே கட்டியது. சாரட்டில் இருந்தபடியே அருவி பார்க்க வேண்டும் என்று அங்கே கட்டியிருக்கிறார்கள். மழை பெய்த மறுநாள் போனால்தான் தண்ணீர் இருக்கும் என்றார்.

கேடிலாக் மலை உச்சிக்கு இந்தப் பாதை போகாது. அதற்குக் கார் சாலைதான். அங்கே சூரியோதயம் பார்க்க அத்தனை கார் குவிகிறதாம். 2021 முதல் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் முன்பதிவு செய்த கார்களை மட்டும் விடுகிறார்கள். மலை ஒன்றுதான்; ஒரு பக்கம் கார் நிறுத்த இடம் தேடி அலைகிறார்கள், இன்னொரு பக்கம் தவளை பார்க்கிறோம்!

புறப்படுமுன் சில விஷயங்கள்

கார் ஓட்டத் தெரியாதவர்களுக்குப் பெரிய உதவி, "ஐலண்ட் எக்ஸ்ப்ளோரர்" என்ற இலவச பஸ். 1999-இல் ஆரம்பித்தது. ஜூன் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை ஓடுகிறது. சைக்கிள் மாட்ட பஸ்ஸில் தாங்கி இருக்கிறது. பார் ஹார்பர் ஊர் நடுவிலுள்ள புல்வெளியிலிருந்து ஈகிள் ஏரிக்கு, சைக்கிள் ஏற்றிப் போவதற்கென்றே ஒரு வேனும் விடுகிறார்கள். அந்தந்த வருஷத்து நேர அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து ஏரி வரை உள்ள சாலை மேடு, கார் வேறு அதிகம். அதில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகாமல் வேனில் போவதுதான் புத்தி. பூங்காவுக்கு நுழைவுச் சீட்டு உண்டு. சைக்கிளில் வருகிறவர்களும் வாங்க வேண்டும்.

வாடகை சைக்கிள் எடுக்கும்போது சீட்டின் உயரத்தைச் சரி பார்த்துக் கேளுங்கள். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீண்டால் சரியான உயரம். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கி இருக்கும். சீட் தாழ்வாக இருந்தால் பத்து நிமிஷத்தில் முழங்கால் வலி எடுத்துவிடும். நம்மில் பலருக்குச் சைக்கிள் ஒத்துக்கொள்ளாமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

அடுத்தது பிரேக். நம் ஊர் சைக்கிளில் வலது கைப் பிரேக் முன்சக்கரத்துக்கு, இடது கை பின்சக்கரத்துக்கு. அங்கே நேர் எதிர்! இறக்கத்தில் பழக்கதோஷத்தில் இடது கையை மட்டும் இறுக்கிப் பிடித்தால் முன்சக்கரம் நின்று, ஆளைத் தூக்கிப் போட்டுவிடும். சமதரையில் நாலு சுற்று சுற்றிக் கையைப் பழக்கிக்கொண்டு கிளம்புங்கள். பொடிக்கல் பாதை ஆதலால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பது நல்லது. முழங்கால் முடியாதவர்களுக்கு, மிதித்தால் மட்டும் மோட்டார் கைகொடுக்கும் மின்சார சைக்கிளுக்கும் அனுமதி உண்டு. தானாக ஓடுகிற வகைக்குக் கிடையாது. யாராக இருந்தாலும் மணிக்கு 20 மைலுக்கு மேல் போகக் கூடாது.

புடவையில் முடியாது. சல்வார் என்றால் துப்பட்டாவை அறையிலேயே வைத்துவிட்டு, கணுக்காலில் ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே உள்ள சைக்கிள்களில் பெரும்பாலும் செயின் கவர் கிடையாது. ஹெல்மெட் எல்லோருக்கும் நல்லது. மேய்ன் மாநிலத்தில் பதினாறு வயதுக்குக் கீழே இருந்தால் சட்டப்படியே கட்டாயம்.

வழியில் மரியாதையும் முக்கியம். சைக்கிள்காரர் நடப்பவருக்கு வழி விட வேண்டும். எல்லோரும் குதிரைக்கு வழி விட வேண்டும். சாரட்டு சவாரி இப்போதும் உண்டு. குதிரையைக் கடக்கும்போது மெதுவாகப் போய்க் குரல் கொடுக்கிறார்கள். பின்னாலிருந்து திடீரென்று போனால் மிரளுமாம். வலது பக்கமாகப் போக வேண்டும். வழி தவறவும் வாய்ப்பில்லை. ஒவ்வொரு சந்திப்பிலும் மரக்கம்பத்தில் ஓர் எண் இருக்கிறது. வரைபடத்திலும் அதே எண். செல்போன் பல இடங்களில் எடுக்காது; காகித வரைபடம் ஒன்று பையில் இருக்கட்டும். "சைக்கிளுக்கு அனுமதி இல்லை" என்ற பலகை வந்தால் அது பூங்காவுக்கு வெளியேயுள்ள தனியார் நிலம், திரும்பிவிட வேண்டியதுதான். வழியில் கடை கிடையாது. தண்ணீரும் தின்பண்டமும் கொண்டுபோய், குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கையில் குளுக்கோஸோ சாக்லேட்டோ வைத்துக்கொள்ளாமல் ஏறவே கூடாது.

சைக்கிள் மிதிப்பது இதயத்துக்கும் தொடைத் தசைக்கும் நல்லது. மூட்டுக்குப் பாரம் குறைவு. ஆனால் எலும்பு வலுவுக்கு அது நடையைப் போல உதவாது. நாற்பதுக்கு மேல் நமக்கு எலும்புதானே கவலை! ஆகவே நடப்பதை விட்டுவிட்டுச் சைக்கிளே கதி என்று இருக்க வேண்டாம். இரண்டும் வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அந்தப் பிரதேசத்துப் புல்லில் உண்ணி உண்டு. எள்ளளவு இருக்கும். லைம் என்ற நோயைக் கொண்டுவருவது இதுதான். பாதையின் நடுவில் போகும்வரை பயமில்லை. படம் எடுக்கவென்று புல்லுக்குள் இறங்கினால் ஜாக்கிரதை. வெளிர் நிற சாக்ஸ் போட்டால் ஏறுவது தெரியும். அறைக்குத் திரும்பியதும் குளித்துவிட்டு, குழந்தைகளின் காதுக்குப் பின்னால், கழுத்து, அக்குள், முழங்கால் மடிப்பு, தலைமுடி எல்லாம் பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். நெருப்பு காட்டுவது, எண்ணெய் தடவுவது கூடாது. ஒரு நாளுக்குள் எடுத்துவிட்டால் நோய் தொற்றுவது மிக அரிது. பிறகு ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோ, வட்ட வட்டமாகப் பெரிதாகும் சிவப்போ வந்தால் டாக்டரிடம் போங்கள். அதற்குள் ஊர் திரும்பியிருந்தால், எங்கே போய் வந்தோம் என்பதை நம் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நம் பக்கத்து டாக்டருக்குச் சட்டென்று இந்த நோய் நினைவுக்கு வராது.

எரிந்தும் மூடியும் மீண்ட பாதை

இத்தனை நல்ல பாதை ஒரு காலத்தில் காணாமல் போக இருந்தது. 1947 அக்டோபரில் தீவில் பெருந்தீ. பதினேழாயிரம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. பூங்காவில் மட்டும் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல். பணக்காரர்களின் 67 கோடை மாளிகைகளும், ஊர்க்காரர்களின் 170 வீடுகளும் சாம்பல். முன்பு கருகருவென்று ஊசியிலை மரங்கள் நின்ற இடங்களில், தீக்குப் பிறகு பிர்ச், ஆஸ்பென் மரங்கள் தாமாக முளைத்தன. இன்று அக்டோபர் நடுவில் தங்கமும் செம்புமாக மலை ஜொலிக்கிறதென்று கூட்டம் கூடுகிறதே, அந்த நிறத்தில் பாதி 1947-இன் தீ கொடுத்தது.

ராக்ஃபெல்லர் 1960-இல் காலமானார். அவர் இருந்தவரை அவருடைய ஆட்கள் பாதையைப் பராமரித்தார்கள். அப்புறம் பூங்காவின் கையில் போதிய ஆளும் இல்லை, பணமும் இல்லை. ஓரத்து ஓடைகளில் இலை அடைத்தது. தண்ணீர் பாதையின் மேலேயே ஓடிப் பொடிக்கல்லை அரித்துக்கொண்டு போயிற்று. செடி வளர்ந்து அகலம் குறைந்தது. மொட்டை மாடித் தண்ணீர்க் குழாயில் நாலு இலை அடைத்தால் என்ன ஆகிறது? மாடியெல்லாம் ஊறி, கூரை ஒழுகும். அதே கதைதான், 45 மைல் நீளத்துக்கு.

1986-இல் "அகேடியாவின் நண்பர்கள்" என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1992 முதல் 1995 வரை அரசாங்கப் பணத்தோடு பாதைகளைப் புதுப்பித்தார்கள். மறுபடி பாழாகாமலிருக்க, சங்கம் ஒரு வைப்பு நிதியைச் சேர்த்து அதன் வருமானத்தைப் பராமரிப்புக்குக் கொடுக்கிறது. எனக்குப் பிடித்தது அந்தப் பணம் அல்ல. ஒவ்வொரு வருஷமும் நவம்பரில் ஒரு நாள், கையில் வாரியோடு ஊர் ஜனங்கள் திரண்டு வந்து, ஓடையில் விழுந்த இலைகளை வாரிப் போடுகிறார்கள். பனி விழுவதற்கு முன்னால் வாரினால்தான் வசந்தத்தில் தண்ணீர் ஒழுங்காக ஓடும்.

பனிக்காலத்தில் அதே பாதைகளில் பனிச்சறுக்குப் போகிறார்கள். பனி உருகும் மார்ச், ஏப்ரலில் பாதை ஊறிச் சேறாக இருக்குமாதலால் மூடிவிடுகிறார்கள். அப்போது டிக்கெட் எடுத்துவிட்டுப் போய் ஏமாறாதீர்கள். மே, ஜூனில் கொசுவும் கடிக்கும் ஈயும் அதிகம். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம். அறை வாடகையும் உச்சத்தில். வருஷத்துக்கு நாற்பது லட்சம் பேர் வருகிற இடம், முன்கூட்டியே பதிவு செய்யாமல் நம்பிப் போக முடியாது. என்னைக் கேட்டால் செப்டம்பர் நடுவில் போவேன். வெயில் இதம், பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் கூட்டமும் குறைவு, இலவச பஸ்ஸும் ஓடிக்கொண்டிருக்கும். காலையிலும் மாலையிலும் குளிரும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.